பராகுவேயின் பேரேடு

1

லத்தீன் அமெரிக்கா பற்றி நம் சிறுபத்திரிகைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. பேசியவர்களில் நானும் ஒருவன் என்பதால், இப்போது சொல்லப்போகும் குற்றச்சாட்டு என்னையும் சேர்த்துத்தான். அந்தக் கண்டத்தை நாம் நாவல்கள் வழியாக மட்டுமே அறிந்திருக்கிறோம். நாவல்களுக்கு வெளியிலும் அங்கே மனிதர்கள் பிறக்கிறார்கள், சாகிறார்கள், சில சமயம் எண்ணப்படுகிறார்கள், பல சமயம் எண்ணப்படாமலேயே போய்விடுகிறார்கள் என்பது நமக்கு ஒரு அடிக்குறிப்பாகக்கூடப் பட்டதில்லை.

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தோம். பேச்சு அகஸ்தோ ரோவா பாஸ்தோஸ் பக்கம் திரும்பியது. அவருடைய 'யோ எல் ஸுப்ரெமோ' 1974இல் வந்த நாவல். நம்மில் சிலர் அதை ஆங்கிலத்தில் படித்திருக்கிறோம். நண்பர் ஒருவர், நல்ல கவிஞர், திடீரென்று சொன்னார்: "பராகுவேயில் ஒரே யுத்தத்தில் ஆண்கள் அத்தனை பேரும் செத்துப்போனார்கள். பத்துக்கு ஒன்பது பேர். அதற்கப்புறம் அது பெண்களின் தேசம்." அவர் சொன்ன தொனியில் துக்கம் இல்லை. ஒரு அற்புதமான படிமத்தைக் கண்டெடுத்த சந்தோஷம்தான் இருந்தது. நான் கேட்டேன்: "பத்துக்கு ஒன்பது என்று எண்ணியது யார்? எந்த வருஷம்?" அவர் சிரித்துவிட்டு, "உன் வங்கிக்காரப் புத்தி போகாது" என்றார்.

போகாதுதான். பகல் முழுக்கப் பிறர் பணத்தைக் கூட்டிக் கழித்துக் கொண்டிருப்பவனுக்கு, ஒரு எண்ணைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். ஆனால் இது வெறும் தொழில் பழக்கம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. செத்தவர்களின் எண்ணிக்கையைப் படிமமாக்குவதற்கு முன் அந்த எண் உண்மையா என்று பார்ப்பது இலக்கியத்துக்கு அந்நியமான காரியம் அல்ல என்றே நினைக்கிறேன். அதனால் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படித்ததை நண்பருக்குச் சொல்லும் முகமாகவே இதை எழுதுகிறேன்.

2

பராகுவேயின் ஜனத்தொகை பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற முதல் வாக்கியம் ஒன்றுதான்: பெரும்பான்மையோர் கலப்பினத்தவர், ஸ்பானியத் தகப்பனும் குவாரானித் தாயும் தந்த வாரிசுகள். வாக்கியம் சரிதான். ஆனால் அந்த 'கலப்பு' எப்படி நடந்தது என்பதை அது சாமர்த்தியமாக மறைத்துவிடுகிறது.

1537இல் அஸுன்ஸியோன் நிறுவப்பட்டது. பொன்னையும் வெள்ளியையும் தேடி வந்த ஸ்பானியர்களுக்கு அங்கே இரண்டும் கிடைக்கவில்லை. கடல் வெகுதூரம். ஸ்பானியப் பெண்களும் அதிகம் வரவில்லை. சுற்றிலும் இருந்த குவாரானிகளுக்கோ வேறு எதிரிகள் இருந்தார்கள், துணை தேவைப்பட்டது. குவாரானி வழக்கப்படி ஒருவனுக்குப் பெண்ணைக் கொடுத்தால் அவன் மைத்துனனாகிறான். மைத்துனனுக்கு உழவிலும் யுத்தத்திலும் கை கொடுக்க வேண்டும். இது இருவழிக் கடமை. ஸ்பானியர்கள் அதில் ஒரு வழியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் பத்துப் பெண்களை வைத்துக்கொண்டால் பத்து வீட்டு மைத்துனர்கள் அவன் நிலத்தில் வேலை செய்வார்கள். உறவுமுறைதான் அங்கே முதல் கொத்தடிமை முறையாக இருந்தது. ஸ்பானிய மொழியில் மைத்துனனைக் குறிக்கும் 'குன்யாதோ' என்ற சொல்லிலிருந்தே அந்த முறைக்குப் பெயரும் வந்தது. பிறகு சம்மதமும் போய், ஊர்களுக்குள் புகுந்து பெண்களைப் பிடித்துவருவது வழக்கமாயிற்று.

கவர்னராக இருந்த தோமிங்கோ மார்த்தினேஸ் தெ இராலா 1556இல் எழுதிவைத்த உயிலில், குவாரானிப் பெண்கள் பலரிடம் தனக்குப் பிறந்த குழந்தைகளைத் தன் குழந்தைகள் என்று ஒப்புக்கொள்கிறார். பராகுவே என்ற சமூகத்தின் முதல் ஆவணம் எது என்று கேட்டால் நான் இந்த உயிலைத்தான் சொல்வேன். தகப்பன் பெயரையும் சொத்தையும் தருகிறான். மொழியை அவன் தரவில்லை. அதைத் தந்தவள் தாய். பிள்ளைகள் சட்டப்படி ஸ்பானியர்களாக வளர்ந்தார்கள்; பேச்சில் குவாரானிகளாக இருந்தார்கள். கண்டத்தின் மற்ற பாகங்களில் கலப்பினத்தவன் தாய்மொழியை உதறிவிட்டுத் தகப்பன் மொழிக்கு ஓடினான். பராகுவேயில் மட்டும் அது நடக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் இதற்குத்தான் திரும்பி வரப்போகிறேன்.

3

சுதந்திரம் வந்தபின் ஜனங்களின் சேர்க்கையை ஆணைகளால் மாற்றப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ரோவா பாஸ்தோஸின் நாயகனான டாக்டர் ஃப்ரான்ஸியா முதலாமவர். 1814இல் அவர் கையெழுத்திட்ட ஆணை ஒன்று, ஐரோப்பியர்கள் வெள்ளைப் பெண்களை மணக்கக் கூடாது என்றது. வேண்டுமானால் இந்தியப் பெண்ணையோ கறுப்புப் பெண்ணையோ கலப்பினப் பெண்ணையோ மணந்துகொள்ளலாம். இதைச் சமத்துவ லட்சியம் என்று சிலர் வியாக்கியானம் செய்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஸ்பானிய வணிகக் குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்து வலுப்பெறுவதை உடைக்க வேண்டும். அதற்கு அவர் எடுத்த ஆயுதம் கல்யாணம். 1840இல் சாகும்வரை அவர் ஆண்டார். நாட்டின் கதவுகளும் பெரும்பாலும் மூடியே இருந்தன.

அடுத்து வந்த கார்லோஸ் அந்தோனியோ லோபெஸ் வேறு ரகம். அவருக்குக் கணக்கு வேண்டியிருந்தது. 1846இல் பங்குக் குருமார்களைக் கொண்டு நாடு முழுவதும் குடிக்கணக்கு எடுக்கச் செய்தார். ஊர் ஊராக, வீடு வீடாக. அதன் மொத்தம் 2,38,862. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். பராகுவேயின் ஜனத்தொகை வரலாற்றில் காலூன்றி நிற்க இருக்கிற முதல் கெட்டியான தரை இதுதான்.

அந்தப் பதிவுகளிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டிய ஒரு விஷயம் நம் கவிஞர் நண்பருக்கு ஏமாற்றமாக இருக்கும். பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள், தகப்பன் பெயர் பதிவாகாத குழந்தைகள் — இவையெல்லாம் 1846இலேயே ஏராளம். பார்பரா போட்ஹாஸ்ட் என்ற ஜெர்மன் வரலாற்றாசிரியர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அதாவது, 'பெண்களின் தேசம்' யுத்தத்தால் ஒரே இரவில் உண்டானதல்ல. உழுது, நெய்து, சந்தைக்குப் போய் விற்றுக் குடும்பத்தை நடத்திய பெண் யுத்தத்துக்கு முன்பே இருந்தாள். யுத்தம் அவள் தலையில் இன்னும் பாரத்தை ஏற்றியது, அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து, 1848இல், லோபெஸ் இன்னொரு ஆணை பிறப்பித்தார். அதுவரை இந்தியர்களுடைய ஊர்கள் என்று தனியாக இருந்த இருபத்தொரு ஊர்களின் ஜனங்கள் இனிக் குடியரசின் பிரஜைகள். கேட்க நன்றாயிருக்கிறது. அதே ஆணையால் அந்த ஊர்களின் பொது நிலமும் கால்நடைகளும் அரசுக்குப் போயின. குவாரானிக் குடும்பப் பெயர்கள் ஸ்பானியப் பெயர்களாக மாறின. 1846 பேரேட்டில் 'இந்தியன்' என்று ஒரு பத்தி இருந்தது. 1848க்குப் பிறகு அந்தப் பத்தியே தேவைப்படவில்லை. அந்த மனிதர்கள் எங்கேயும் போய்விடவில்லை. அதே குடிசைகளில் அதே மொழியைப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கணக்கில் மட்டும் அவர்கள் வேறு தலைப்புக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள். வங்கியில் இதற்கு ஒரு வவுச்சர் போதும்.

கறுப்பர்கள் கதையும் ஏறக்குறைய இதுதான். 1842இன் சட்டப்படி 1843 முதல் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை முழு அடிமை அல்ல. ஆனால் இருபத்து நாலு, இருபத்தைந்து வயதுவரை எஜமானுக்கு உழைக்க வேண்டும். அடிமை முறை முழுதாக ஒழிந்தது 1869இல், அதுவும் பிரேஸில் படை தலைநகரைப் பிடித்து வைத்திருந்தபோது. பிரேஸிலில் அடிமை முறை 1888 வரை நீடித்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

4

இனி யுத்தம். 1864 டிசம்பரில் தொடங்கி 1870 மார்ச் 1 அன்று ஸெரோ கோராவில் ஜனாதிபதி ஃப்ரான்ஸிஸ்கோ ஸோலானோ லோபெஸ் கொல்லப்பட்டதோடு முடிந்தது. ஒரு பக்கம் பராகுவே. மறுபக்கம் பிரேஸில், அர்ஜென்டினா, உருகுவே மூன்றும். யுத்தத்தின் காரண காரியங்களுக்குள் போக இங்கே இடமில்லை. மூத்த லோபெஸின் மகன் தன் பலத்தை மிகையாக மதிப்பிட்டார், பிரேஸில் பேரரசர் தன் மானத்தை மிகையாக மதிப்பிட்டார் என்பதற்குமேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

செத்தவர்களில் பெரும்பாலோர் குண்டு பட்டுச் சாகவில்லை. காலரா, அம்மை, வயிற்றுப்போக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பசி. பின்வாங்கிய லோபெஸ் ஊர்களைக் காலி செய்து ஜனங்களையும் தன்னோடு உள்நாட்டுக்கு இழுத்துச் சென்றார். விதைக்க ஆள் இல்லை. விதைத்ததை அறுக்கவும் யாரும் இல்லை. 1869 ஆகஸ்ட் 16இல் அகோஸ்தா நியூவில் பிரேஸில் குதிரைப்படையை எதிர்த்து நின்ற பராகுவேப் படையில் சிறுவர்கள் பெருந்தொகை. இன்று அந்தத் தேதிதான் பராகுவேயில் குழந்தைகள் தினம். இதைப் பற்றி நான் எதுவும் சேர்த்துச் சொல்லப் போவதில்லை.

ஆக, எத்தனை பேர் செத்தார்கள்?

நம் நண்பர் சொன்ன 'பத்துக்கு ஒன்பது' வந்த வழி இது. அல்ஃப்ரெட் து க்ராட்டி என்ற பெல்ஜியக்காரர் 1862இல் பராகுவே பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் 1857ஆம் வருஷக் கணக்கு என்று சொல்லி ஓர் எண்: 13,37,439. கடைசி இலக்கம்வரை எவ்வளவு துல்லியம் பாருங்கள். 1846இல் 2,38,862 ஆக இருந்தது பதினோரு வருஷத்தில் இப்படி ஆக வேண்டுமென்றால் ஜனத்தொகை ஐந்து மடங்குக்கும் மேல் பெருகியிருக்க வேண்டும். மனிதர்களில் அது நடக்காது. லோபெஸ் அரசாங்கத்துக்குத் தன் நாடு பெரியது என்று அண்டை நாடுகள் நம்ப வேண்டியிருந்தது. அந்தப் பெருமைக்கு ஏற்ற எண் அச்சாகியது.

யுத்தத்துக்குப் பிந்திய எண்ணையும் பார்ப்போம். என்ஸைக்ளோபீடியா பிரிட்டானிக்காவின் 1911ஆம் வருஷப் பதிப்பு இந்த 1857ஆம் வருஷ எண்ணையும் சொல்லிவிட்டு, 1871இல் மிஞ்சியவர்கள் 2,21,079 என்கிறது. ஆண்கள் 28,746. பெண்கள் 1,06,254. குழந்தைகள் 86,079. கூட்டிப் பார்த்தேன், டேலி ஆகிறது. ஆனால் மொத்தக் கூட்டலுக்கு முன் ஆண்களையும் பெண்களையும் மட்டும் கூட்டினேன். 1,35,000. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. சரியாக 1,35,000.

இதை வாசிக்கும் நண்பர்கள் கணக்கு எழுதுகிறவர்கள் அல்ல; அதனால் சொல்கிறேன். கலைந்து சிதறிய ஒரு தேசத்தில், காட்டிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய ஜனங்களை எண்ணினால், இரண்டு பத்திகளின் கூட்டுத்தொகை மூன்று பூஜ்யத்தில் வந்து முடிவது அபூர்வம். எங்கள் கிளையில் அன்றாடக் கணக்கு முடிக்கும்போது இப்படி வந்தால், மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலை நிமிரும். யாரோ முதலில் மொத்தத்தை முடிவு செய்துகொண்டு, பிறகு அதைப் பிரித்து எழுதினார்களோ என்ற சந்தேகம் வரும். நிரூபணம் அல்ல, சந்தேகம்தான். ஆனால் இந்த எண்களைத்தான் நூறு வருஷமாகப் புத்தகத்துக்குப் புத்தகம் நகலெடுத்து வந்திருக்கிறார்கள். மேலே ஒரு கற்பனை எண், கீழே ஒரு சந்தேக எண். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பதினோரு லட்சம் பேர் செத்தார்கள் என்று ஒரு தேசத்தின் சோகத்தை எழுதிவிட்டார்கள்.

5

இந்தப் பொய்யை முறையாக உடைத்தவர் வேரா ப்ளின் ரெபர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர். 1988இல் அவர் எழுதிய கட்டுரை, 1857 எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு 1846க்குத் திரும்ப வேண்டும் என்றது. இதில் அவர் சரி. பிறகு, 1846க்கு முன்னும் பின்னும் உள்ள கணக்குகளைக் கொண்டு வளர்ச்சி விகிதங்களைப் போட்டு, யுத்தத்தில் போனவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பதிலிருந்து பதினெட்டு பேருக்குள்தான் என்றார். பத்துக்கு ஒன்பது என்று இருந்தது திடீரென்று பத்துக்கு ஒன்று, இரண்டு என்று ஆயிற்று. பராகுவேயில் இது எப்படிப்பட்ட கோபத்தைக் கிளப்பியிருக்கும் என்று யூகிக்கலாம். புதிய ஆவணத்தோடு கூடிய பதில் வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்பதுதான் விஷயம்.

பதில் ஒரு கட்டுக் காகிதத்திலிருந்து வந்தது. யுத்தம் முடிந்த கையோடு 1870இல் எடுத்த குடிக்கணக்கு, அஸுன்ஸியோனில் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடந்திருக்கிறது. தாமஸ் விகமும் மேலே சொன்ன போட்ஹாஸ்ட்டும் அதை ஆராய்ந்து 1999இல் எழுதினார்கள். எண்ணப்பட்டவர்கள் 1,16,351. சில ஊர்களின் கணக்கு வந்து சேரவில்லை. சிலர் இன்னும் வீடு திரும்பவில்லை. அதற்காக இருபத்தைந்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம்வரை சேர்த்துக்கொண்டு, மிஞ்சியவர்கள் 1,41,351க்கும் 1,66,351க்கும் இடையில் என்றார்கள். யுத்தத்துக்கு முன் நாலேகால் லட்சம், நாலரை லட்சம் அளவில் இருந்திருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பு. அப்படியானால் இழப்பு நூற்றுக்கு அறுபதிலிருந்து அறுபத்தொன்பது.

இங்கேயும் உருண்டை எண்கள் இருக்கின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். இருபத்தைந்தாயிரம், ஐம்பதாயிரம். ஆனால் இவை வெளிப்படையாக வைத்த யூகங்கள். எண்ணியது இவ்வளவு, நாங்கள் சேர்த்தது இவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டியிருக்கிறார்கள். 351 என்ற வால் கடைசிவரை அப்படியே நிற்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால், ஒத்துவராத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் வைத்துவிட்டு, அது சஸ்பென்ஸ் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். 1871 கணக்கின் 1,35,000 அப்படிச் சொல்லவில்லை. யூகிப்பதில் தவறில்லை. யூகத்தை எண்ணிக்கைக்குள் கலந்துவிடுவதுதான் தவறு.

விவாதம் இதோடு ஓய்ந்துவிடவில்லை. 1846 கணக்கில் எத்தனை பேர் விட்டுப்போனார்கள், வருஷத்துக்கு எவ்வளவு வளர்ச்சி என்று வைப்பது, 1870 கணக்கை எடுத்தவர்கள் எவ்வளவு ஒழுங்காக எடுத்தார்கள் — இந்த மூன்றிலும் சண்டைக்கு இடமிருக்கிறது. ரெபரும் மறுத்து எழுதினார். என் வரையில், ஊர் ஊராக எடுத்த பட்டியலுக்குப் பதில் சொல்ல இன்னொரு பட்டியல் வேண்டும். வளர்ச்சி விகிதம் மட்டும் போதாது. பாதிக்கு மேல் போனார்கள் என்பதை நான் நம்புகிறேன். நவீன காலத்தில் இவ்வளவு பெரிய பங்கை ஒரே யுத்தத்தில் இழந்து, அதற்குப் பிறகும் தேசமாக நின்ற இன்னொரு நாட்டின் பெயரைச் சொல்வது கடினம். இந்த உண்மைக்குப் பதினோரு லட்சம் என்ற ஜோடனை எதற்கு?

ஜோடனை யாருக்குத் தேவைப்பட்டது என்று பார்த்தால் தெரியும். யுத்தத்துக்கு முன்பிருந்த நாடு எவ்வளவு பெரியதோ, இழந்த சொர்க்கமும் அவ்வளவு பெரியது. 1902இல் ஸெஸிலியோ பாயெஸ் என்ற அறிஞர், கொடுங்கோலர்களின் ஆட்சி ஜனங்களின் புத்தியை மழுங்கடித்துவிட்டது என்று எழுதியபோது, ஹுவான் ஓலியரி என்ற இளைஞர் ஸோலானோ லோபெஸை மகாவீரனாக்கி எதிர்த்து எழுதினார். ஓலியரிதான் ஜெயித்தார். 1936இல் அரசாங்கமே லோபெஸை தேசிய வீரன் என்று அறிவித்து, எலும்புகளை அஸுன்ஸியோனின் வீரர் மண்டபத்தில் கொண்டுவந்து வைத்தது. பிறகு 1954 முதல் 1989 வரை ஆண்ட ஸ்த்ரோஸ்னர் அந்த வீரனின் வாரிசாகவே தன்னைக் காட்டிக்கொண்டார். செத்தவர்கள் எண்ணிக்கை பெருகப் பெருக, அவர்களை யுத்தத்துக்கு இழுத்துச் சென்றவனின் புகழும் பெருகியது. இதைவிட விசித்திரமான வட்டிக் கணக்கை நான் பார்த்ததில்லை.

6

மொழிக்கு வருகிறேன்.

யுத்த காலத்தில் பராகுவேப் படைமுகாமிலிருந்து பத்திரிகைகள் வந்தன. நம் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது சுவாரஸ்யமாக இருக்கும். 1867இல் தொடங்கிய 'கபிசுயி' மரச்செதுக்குப் படங்களோடு வந்தது. பெயர் ஒரு வகைக் குளவியைக் குறிக்கும். ஸ்பானிய மொழியோடு குவாரானியும் அதில் உண்டு. அதே வருஷம் வந்த 'கஸீகே லம்பாரே' குவாரானியிலேயே வந்தது. நதி வழி அடைபட்டதால் காகிதம் கிடைக்கவில்லை. 'கரகுவாத்தா' என்ற காட்டுச்செடியின் நாரிலிருந்து காகிதம் செய்தார்கள். அதுவரை மடப்பள்ளியிலும் சந்தையிலும் இருந்த மொழி, சாகப்போகிறவர்களோடு பேச வேண்டிவந்தபோதுதான் அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது. யுத்தம் முடிந்ததும், 1870இலேயே, பள்ளிகளில் குவாரானி கூடாது என்று புதிய அரசாங்கம் தடை விதித்துவிட்டது. நாகரிகத்துக்கு அது இடைஞ்சலாம்.

தடை காகிதத்தில் இருந்தது. வீட்டில் யார் இருந்தார்கள்? மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். சந்தேகத்துக்குரிய அந்த 1871 எண்களையே எடுத்துக்கொண்டாலும் ஒரு ஆணுக்கு மூன்றரைப் பெண்களுக்கு மேல். பள்ளிக்கூடம், நீதிமன்றம், ராணுவம் என்று ஸ்பானிய மொழி புழங்கிய இடங்களெல்லாம் ஆண்களுடைய இடங்கள், அவை காலியாகிவிட்டன. பின்னால் பிறந்த ஒரு தலைமுறை முழுக்கவும் தாய்மார்களின் மொழிக்குள் வளர்ந்தது. குவாரானியைக் காப்பாற்றியது தேசியக் கவிஞர்கள் அல்ல, இந்தப் பெண்கள்தான் என்று எனக்குப் படுகிறது. காப்பாற்றுகிறோம் என்ற பிரக்ஞைகூட அவர்களுக்கு இருந்திருக்காது. மரவள்ளி நடுவதற்கும் பிள்ளையைத் திட்டுவதற்கும் அவர்களிடம் வேறு மொழி இல்லை.

1967 அரசியல் சட்டம் இரண்டையும் தேசிய மொழிகள் என்றது. ஆட்சி மொழி ஸ்பானியம் மட்டும். 1992 அரசியல் சட்டம்தான் குவாரானியையும் ஆட்சி மொழியாக்கியது. ஜனங்களில் பெரும்பான்மையோர் இன்றும் அதைப் பேசுகிறார்கள். இதுவரை சந்தோஷம். இப்போது அடுத்த பத்தியைப் பாருங்கள். 2022 கணக்கில் தங்களைப் பழங்குடியினர் என்று பதிவு செய்தவர்கள் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சொச்சம். நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. பத்தொன்பது இனங்கள், ஐந்து மொழிக் குடும்பங்கள் அந்த இரண்டரைக்குள் அடக்கம். பெரும்பான்மையோர் பேசுவது இந்திய மொழி. ஆனால் 'இந்தியன்' என்பது வசைச்சொல். 1957இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் கீழ்நீதிபதிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது: இந்தியர்களும் மற்றவர்களைப் போல மனிதர்களே என்று. குவாரானி பேசுகிற நீதிபதிகளுக்கு, குவாரானிகள் மனிதர்கள் என்று சுற்றறிக்கை. 1970களில் கிழக்குக் காடுகளில் ஆச்சே இனத்தவர் வேட்டையாடப்பட்டது வெளியுலகுக்குத் தெரிந்தபோது, குடியானவர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேர்ந்திருக்கவில்லை என்பதும் தெரிந்தது.

மொழியையும் இனத்தையும் ஒன்றாகவே நினைத்துப் பழகிய நமக்கு இது சங்கடமான உதாரணம். ஒரு மொழி வாழ்வதால் அதன் முதல் சொந்தக்காரர்கள் வாழ்ந்துவிடுவதில்லை. மொழியை எடுத்துக்கொண்டு மனிதனைத் தள்ளிவிடவும் ஒரு சமூகத்தால் முடியும். ஆணை 1848இல் போட்டது; மனதில் அது இன்னும் அமலில் இருக்கிறது.

வெளியிலிருந்து வந்தவர்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நீட்ஷேயின் தங்கை எலிசபெத்தும் அவள் கணவன் ஃபோர்ஸ்டரும் தூய ஆரிய ரத்தத்தைப் பயிரிட 1887இல் 'நுவேவா ஜெர்மானியா' என்ற குடியேற்றத்தை நிறுவினார்கள். ஃபோர்ஸ்டர் 1889இல் தற்கொலை செய்துகொண்டான். அவள் ஜெர்மனிக்குத் திரும்பினாள். அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களின் சந்ததியார் குவாரானி பேசுகிறார்கள். 1893இல் ஆஸ்திரேலியாவிலிருந்து சோஷலிஸ்டுகள் வந்தார்கள், 1927 முதல் சாக்கோ வறள்நிலத்தில் மென்னனைட் கிறிஸ்தவர்கள், பிறகு ஜப்பானியர்கள், 1970கள் முதல் சோயா பயிரிட எல்லை தாண்டி வந்த பிரேஸிலியர்கள். கடைசியாகச் சொன்னவர்கள்தான் எண்ணிக்கையிலும் நிலத்திலும் பெரியவர்கள். கிழக்கு எல்லையில் குவாரானிக்கு நிஜமான சவால் இப்போது ஸ்பானியம் அல்ல, போர்த்துகீஸ்.

7

1857இன் பொய் எண்ணை நினைவிருக்கிறதா? 13,37,439. பராகுவே உண்மையிலேயே அந்த எண்ணிக்கையை எப்போது எட்டியது என்று தேடினேன். 1950ஆம் வருஷக் கணக்கு 13,28,452. அப்போதும் இன்னும் ஒன்பதாயிரம் பேர் குறைகிறார்கள். தொண்ணூற்றுமூன்று வருஷம் கழித்தும் அந்த நாடு தன் பொய்யை எட்டிப்பிடிக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு, இந்தக் காலத்தில், கணினிகளை வைத்துக்கொண்டு எண்ணும்போது இப்படி நடக்காது என்று நினைத்தேன். 2012 கணக்கெடுப்பில் ஏறத்தாழக் கால்பங்கு ஜனங்கள் விட்டுப்போனதால் அதை நம்ப முடியாமல் போயிற்று. மதிப்பீடுகளை வைத்தே அரசாங்கம் ஓடியது. 2022இல் பராகுவேயில் 74 லட்சத்துக்கும் மேல் ஜனங்கள் இருக்க வேண்டும் என்றது மதிப்பீடு. அந்த வருஷம் வீடு வீடாகப் போய் எண்ணினார்கள். 61 லட்சம் பேர்தான் இருந்தார்கள்.

குறைந்தது பதின்மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். அதே பதின்மூன்று லட்சம். இது வெறும் தற்செயல்; இதில் தத்துவம் எதையும் தேட வேண்டாம். இந்தத் தடவை யாரும் சாகவில்லை. பெண்கள் நினைத்ததைவிடக் குறைவாகப் பிள்ளை பெற்றார்கள். வேலை தேடி அர்ஜென்டினாவுக்கும் ஸ்பெயினுக்கும் நினைத்ததைவிட அதிகம் பேர் போயிருந்தார்கள். விகிதங்களை வைத்துக் கணக்குப் போட்டவர்கள், ஒருபோதும் பிறக்காத குழந்தைகளுக்கும் எப்போதோ பஸ் ஏறிவிட்ட இளைஞர்களுக்கும் சேர்த்துப் பள்ளிக்கூடமும் அரிசியும் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் மாதத்தில் எங்கள் கிளைக்கு ஓய்வூதியக்காரர்கள் வருவார்கள். உயிரோடு இருக்கிறோம் என்பதற்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். இப்போது விரல் ரேகை வைத்தால் போதும். பல கிழவர்களுக்கு ரேகை தேய்ந்துவிட்டது, இயந்திரம் ஏற்பதில்லை. போன வருஷம் ஒரு அம்மாள் நாலு முறை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "நான்தான் எதிர்ல நிக்கறேனே தம்பி, எழுதிக்கோயேன்" என்றாள். நான் எழுதிக்கொண்டேன். அதற்குப் பழைய காகித நமுனா இன்னும் இருக்கிறது.

1870இல், எரிந்துபோன ஒரு ஊரில், எழுதத் தெரிந்த யாரோ ஒருவன், கிடைத்த காகிதத்தில், எதிரில் வந்து நின்றவர்களை ஒவ்வொருவராக எழுதிக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் தேசத்தின் மகத்துவம் பற்றிக் கவலையில்லை. நிற்கிறவர்களை எழுதினான், நிற்காதவர்களை எழுதவில்லை. பராகுவே பற்றி நமக்குத் தெரிந்ததில் நம்பத்தக்கது எல்லாம் அவனிடமிருந்தும், 1846இல் அவனைப் போல எழுதிய பங்குக் குருமார்களிடமிருந்தும் வந்ததுதான். பத்துக்கு ஒன்பது என்று அவன் சொல்லவில்லை. 1,16,351 என்றுதான் சொன்னான். கவிஞர் நண்பர் அடுத்த தடவை இதைச் சொல்லும்போது இந்த எண்ணைச் சொல்லட்டும். படிமத்துக்கு இது போதாது என்று அவருக்குத் தோன்றினால், குறை எண்ணிடம் இல்லை.